வெயிலக்கா கையெழுத்து வாங்காத வீடு

வெயிலக்கா என்று பெயர் வைத்தவன் நான். கேலிக்குத்தான் வைத்தேன். பிறகு தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, அவளுடைய உண்மையான பெயர் வாக்காளர் அட்டையோடு நின்றுபோனது. அவளுக்கு அதில் கோபம் எதுவும் இல்லை. "ஒரு வார்த்தை முன்னாடியே கேட்டிருந்தா இதைவிட நல்லதா ஒண்ணு நானே சொல்லியிருப்பேனே" என்று மட்டும் சொன்னாள். என்னை அவள் ஜெராக்ஸ் என்று கூப்பிடுவாள். அந்தக் கணக்கில் நாங்கள் சரிக்குச் சரி.

என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிரே அவளுடைய இஸ்திரிக் கடை. ஒரு ஷட்டர், ஒரு மேஜை, இரண்டு இஸ்திரிப் பெட்டிகள், சுவர் முழுக்கத் துணி மூட்டைகள். கணவன் இறந்தபோது கம்பெனி கொடுத்த பணத்தை அப்படியே போட்டு வாங்கிய சொந்தக் கடை அது. பிள்ளை இல்லை. தம்பி மகள்தான் அவளுக்கு எல்லாம். அந்தப் பெண் பள்ளிக்கூடம் விட்டால் தன் வீட்டுக்குப் போகமாட்டாள். அத்தை மடித்து வைத்த சட்டைகளுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபோது, அக்கா ஒரு வாரம் கடை திறக்கவில்லை. கேட்டதற்குக் காய்ச்சல் என்றாள். என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரியாதா?

இரண்டு பெட்டியும் ஓடினால் மின்சார மீட்டர் பேய் பிடித்த மாதிரி சுற்றும். பில் வந்த அன்றைக்கெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவாள். "பாருடா ஜெராக்ஸ். நான் நாள் பூரா நின்னு சம்பாதிக்கிறது பாதி இந்தத் துண்டுச் சீட்டுக்குப் போகுது. வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துது, அதுல பெட்டி சூடாகாதாமா?" ஒருநாள் யாரோ சோலார் பற்றிச் சொல்லப்போக, மறுநாளே கடையைப் பூட்டிக்கொண்டு வங்கிக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது. முதலில் கூரை என்ன கூரை என்று கேட்டார்களாம். இவள் கடையும் வீடும் தகரக் கூரை. தகரக் கூரைக்குக் கடன் கிடையாது, பலகையின் எடை தாங்காது என்று அனுப்பிவிட்டார்கள். "வெயில் எங்க தலையில விழலாமாம். கூரையில விழுந்தாத்தான் ஆகாதாம்" என்றாள்.

எங்கள் தெருவில் பாதிக்கு மேல் தகரமும் சிமென்ட் ஷீட்டும்தான். நல்ல அகலமான மொட்டை மாடி என்று சொன்னால் கண்டக்டர் வீடு ஒன்று. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். சில்லறை கொடுப்பதுபோல் எண்ணி எண்ணித்தான் பேசுவார். அந்த மாடியில் வடாம்கூட யாரும் காயப்போடவில்லை, வெறும் வெயில்தான் காய்ந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு அதைப் பார்த்ததும் பொறி தட்டியது. எல்லாருக்கும் சேர்த்து அந்த ஒரு மாடியில் பலகை வைத்தால் என்ன?

இதைக் கொண்டுபோய்ச் சொன்னபோது கூட்டுறவுக் கடன் சங்கத்துச் செயலாளர் முதலில் சிரித்தார். பிறகு அவருக்கும் மேலிடத்திலிருந்து ஏதோ திட்டம் வந்திருந்ததால் சிரிப்பை நிறுத்திக்கொண்டு கணக்குப் போட்டார். விஷயம் எளிது. சேர்கிற வீடுகள் எல்லாம் ஒரு குழு. பலகைகள் கண்டக்டர் மாடியில். அங்கே உற்பத்தியாகிற மின்சாரத்தை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்து, மின்சார அலுவலகம் அவரவர் பில்லில் கழித்துக்கொள்ளும். இதுவரை பில்லுக்குக் கட்டிய பணத்தை இனிமேல் சங்கத்துக்குத் தவணையாகக் கட்டவேண்டும். கடன் முடிந்த பிறகு வெயில் இனாம். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்டவேண்டும், எல்லாருக்கும் எல்லாரும் ஜாமீன். இது போதாது, முதல் ஜாமீனாகச் சொத்து வேண்டும் என்றார் செயலாளர். அக்கா இஸ்திரிக் கடைப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைத்தாள். நான் வேண்டாம் என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். "நான் வெக்கலேன்னா வேற எவன்டா வெப்பான்? நீ வெக்கிறியா?" என்று கேட்டாள். பத்திரத்துக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

வீடு வீடாக ஏறி இறங்கினாள். எங்கள் தெரு ஆட்களைப் பற்றிச் சொல்லவேண்டுமா? ஒருத்தர் மேகம் வந்தால் தவணை உண்டா என்றார். இன்னொருத்தர் மழைக்காலத்துக்கும் வட்டி போடுவார்களா என்றார். டீச்சரம்மா, ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுப்பவர், எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, "தப்பு இருக்கிற மாதிரி தெரியல, அதுதான் பயமா இருக்கு" என்றார். ஆனாலும் சேர்ந்தார்கள். அக்கா கேட்டதால் சேர்ந்தார்கள். நானும் அப்படித்தான்.

கடைசியாக ஒரு காகிதம் பாக்கி இருந்தது. கண்டக்டர் வீட்டைச் சுற்றி இருக்கிற வீட்டுக்காரர்கள், இந்த உயரத்துக்கு மேல் கட்டடம் எழுப்பமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். கிழக்கு வீடு போட்டது. மேற்கு வீடு கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு போட்டது. வடக்கே தெரு. தெற்கே அக்காவின் தம்பி வீடு.

அவன் வேன் ஓட்டுகிறவன். குழுவில் அவனும் உண்டு. கையெழுத்து வாங்கவேண்டிய அன்றைக்கு அக்கா காகிதத்தோடு என் கடையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னக்கா, போய் வாங்கிட்டு வா" என்றேன்.

"கூடப் பொறந்தவன்கிட்டப் போய்ப் பத்திரம் நீட்டச் சொல்றியா? அவன் என்ன நெனைப்பான்? அக்கா நம்மள நம்பலேன்னு நெனைப்பான்."

செயலாளரிடமும் அதையே சொன்னாள். அவர், "உங்க தம்பிதானே, பரவாயில்ல" என்று அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டார். வெளியாள் வீடாக இருந்திருந்தால் இருவருமே விட்டிருக்கமாட்டார்கள். சொந்தம் என்பதால் விட்டார்கள். எங்கள் ஆட்கள் எல்லாருமே இப்படித்தான். அடுத்தவனிடம் ஆயிரம் சாட்சி கேட்போம், வீட்டு மனுஷனிடம் ஒரு வரி எழுதி வாங்க மாத்திரம் கூச்சம் பிடுங்கித் தின்னும்.

பலகைகள் ஏறின. நிஜமாகவே பில் விழுந்தது. தெருவில் ஆளாளுக்கு மீட்டரைப் பார்த்துவிட்டு மாடியைப் பார்த்தார்கள். அக்கா இரண்டு பெட்டியையும் பயமில்லாமல் ஓட்டினாள், துணியும் கூடியது. கண்டக்டர் தினம் காலையில் பலகைகளைத் துடைத்தார். அவருடைய மனைவி, "என்னை ஒருநாளாவது இப்படிப் பார்த்திருப்பாரா" என்று கேட்டாராம். தவணை ஒன்றுகூடத் தவறவில்லை. அந்தச் சில மாதங்கள் நன்றாக இருந்தன.

அப்புறம்தான் தம்பி மகள் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். புருஷன் கை நீட்டுகிறவன். முதலில் எதையெதையோ சொல்லி மழுப்பியிருக்கிறாள், பிறகு தாங்கமுடியாமல் வந்துவிட்டாள். தம்பி வீடு ஒரு கூடம், ஒரு அறை. அதில் அவனும் மனைவியும், படிக்கிற இளைய மகளும். குழந்தை அழுதால் எல்லாரும் எழுந்து உட்காரவேண்டியதுதான். மாடியில் ஒரு அறை போட்டுவிடலாம் என்று தம்பி சங்கத்துக்குப் போனான். தவணை ஒழுங்காகக் கட்டுகிற உறுப்பினர் என்று செயலாளர் மறுபேச்சில்லாமல் வீட்டுக் கடன் கொடுத்தார். பலகைக்குக் கடன் கொடுத்த அதே மேஜை, அதே பேனா. பின்னால் ஒருநாள் இதை நான் கேட்டபோது, "அது வேற பைல்ங்க, இது வேற பைல்" என்றார். அந்த மனுஷனை அடிக்காமல் திரும்பி வந்ததற்கு எனக்கு யாராவது மாலை போடவேண்டும்.

அறை எழும்பியபோது கோடை. சூரியன் உச்சியில் நின்றது, நிழல் காலடியிலேயே கிடந்தது. ஒருவர் கண்ணிலும் படவில்லை. கொத்தனார்களுக்கு டீ வாங்கிக்கொண்டு போனதே அக்காதான். தன் பெண் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க ஒரு இடம் ஆயிற்றே என்று வாயெல்லாம் பல். அறைக்கு மேலே தண்ணீர்த் தொட்டி ஒன்றையும் வைத்தார்கள். வடக்குப் பக்கம், கண்டக்டர் மாடியைப் பார்த்து ஒரு ஜன்னல்.

கோடை போய், சூரியன் தெற்கே சாய ஆரம்பித்ததும் பில் ஏறியது. முதலில் தூசி என்றார்கள். கண்டக்டர் தன் மனைவியின் ஷாம்பூவைப் போட்டுப் பலகைகளைக் கழுவினார், அது ஒரு தனிச் சண்டை. அடுத்த பில் இன்னும் ஏறியது. தவணையும் கட்டவேண்டும், பில்லும் கட்டவேண்டும் என்று ஆனபோது தெரு முணுமுணுக்க ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு அக்காவும் நானும் மாடிக்குப் போனோம். அவன் பலகையைப் பார்க்கவில்லை. தெற்கே திரும்பி அறையைப் பார்த்தான்.

"இந்த ரூம் எப்பக்கா வந்தது?"

அறையின் நிழலும் தொட்டியின் நிழலும் முன்வரிசைப் பலகைகள்மேல் கறுப்பாகக் கிடந்தன.

"செலவு கம்மியாகணும்னு எல்லாத்தையும் ஒரே வரிசையா கோத்திருக்காங்க. முன்னாடி இருக்கிறது படுத்தா பின்னாடி இருக்கிறதும் சேர்ந்து படுக்கும். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நிழல் நகருமே தவிர போகாதுக்கா" என்றான்.

அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்தக் கோடு இழுத்த இடம் ஞாபகம் வந்திருக்கும். எனக்கு வந்தது.

கட்டாமல் நிறுத்தியவர்களின் இரண்டு தவணைகளை அக்கா தன் கையிலிருந்து போட்டுச் சமாளித்தாள். மூன்றாவதற்கு முடியவில்லை. தவணை நின்றால் சங்கம் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போகும், மிச்சத்துக்குக் கடையை எடுத்துக்கொள்ளும். செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழுவைக் கூட்டினார். நிழலைக் கண்ணால் பார்த்தே பேசிவிடலாம் என்று கூட்டத்தைக் கண்டக்டர் மாடியிலேயே வைத்தார்கள். வந்தவர்கள் பலகைகளைச் சுற்றி நின்றார்கள். தம்பி வேன் சவாரி போயிருந்தான், வரவில்லை. அந்த வடக்கு ஜன்னல் எட்டிக் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் திறந்து கிடந்தது. கம்பியில் குழந்தைத் துணி காய்ந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். உள்ளே ஆள் இருக்கும் என்று ஒருவர் புத்தியிலும் உறைக்கவில்லை.

செயலாளர் சொன்னார். ஒன்று, பலகைகளை இரும்புக் கால் கொடுத்து உயர்த்தவேண்டும். அதற்குச் சங்கம் இன்னொரு கடன் தராது, பழையது நிலுவையில் இருக்கிறது. இல்லையென்றால் அறையை இடிக்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் அவர் கடமையை அவர் செய்யவேண்டியிருக்கும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ரூமை எடுக்கச் சொல்லுங்க. ஊரு வெயிலை மறிச்சு ஒருத்தர் மாடி கட்டுவாரா?" என்றார் டீச்சரம்மா.

"கட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டானா?"

"புருஷன்கூடச் சண்டை போட்டுக்கிட்டு வந்தவளுக்காக நாம எல்லாரும் ரெட்டைச் செலவு பண்ணணுமா? நாலு நாள் கழிச்சு அவளே போகப்போறா."

"அனுசரிச்சுப் போயிருந்தா இந்த ரூமே தேவைப்பட்டிருக்காது."

ஆளாளுக்குப் பேசினார்கள். நான் செயலாளரைப் பிடித்துக்கொண்டு, கையெழுத்து இல்லாமல் எப்படிப் பாஸ் பண்ணினீர்கள் என்று கத்திக்கொண்டிருந்தேன். கண்டக்டர், "அக்கா சொல்லட்டும்" என்றார். எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் கீழே குனிந்து பலகையின் ஓரத்தில் ஒட்டியிருந்த பறவை எச்சத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அறை இருக்கட்டும் என்றால் தம்பிக்குப் பரிந்து பேசுகிறாள் என்பார்கள். இடிக்கட்டும் என்றால் அந்தப் பெண் எங்கே போவாள்? நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், கண்டக்டரைப் பார்த்தாள். கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. கூட்டம் ஒன்றும் முடிவாகாமல் கலைந்தது.

மறுநாள் காலையில் தம்பி மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஒரு பையோடு, புருஷன் வீட்டுக்கே போய்விட்டாள். அப்பா வாசலில் மறித்துக் கேட்டபோது, "எனக்கே போகணும்னு தோணுதுப்பா" என்றாளாம். பக்கத்து மாடியில் நடந்த பேச்சு பிறகுதான் அவன் காதுக்கு எட்டியது. நேராக இஸ்திரிக் கடைக்கு வந்தான். நான் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என் பொண்ணை விரட்டி அடிச்சுட்டீங்கல்ல? இப்ப சந்தோஷமா? உன் பலகையை நீயே கட்டிக்கிட்டு அழு. எனக்கு அக்காவும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அக்கா சட்டைமேல் வைத்த பெட்டியை நகர்த்தாமல் நின்றாள். யாருடைய சட்டையோ அது, கருகி வாடை வந்த பிறகுதான் பெட்டியை எடுத்தாள்.

அவன் மாடி அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். ஒரு செங்கல்லைத் தொட்டால் கொலை விழும் என்றான். ஆக, பெண் போய்விட்டாள், நிழல் போகவில்லை. காலியான அறை பழையபடி பலகைகள்மேல் படுத்துக்கிடந்தது. அனுசரித்துப் போயிருக்கலாம் என்று சொன்ன வாய்கள் எல்லாம் இப்போது, "பாவம், போகச் சொல்லி யாரு சொன்னாங்க" என்றன. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா கடையை விற்றாள். செல்போன் ரிப்பேர்க்காரன் ஒருவன் வாங்கினான், அடிமாட்டு விலைக்கு. வந்த பணத்தில் கடன் பாக்கியை அடைத்துப் பத்திரத்தை மீட்டு அவனிடம் கொடுத்தாள், மிச்சத்தில் இரும்புக் கால் போட்டுப் பலகைகளை அறைக்கு மேல் தெரிகிற உயரத்துக்குத் தூக்கினாள். பில் இறங்கியது. இப்போது அவள் பெரிய சாலையில் இருக்கிற ஒரு லாண்டரியில் கூலிக்குத் துணி தேய்க்கிறாள். அங்கே மின்சாரம் முதலாளியின் கவலை. சங்கத்திலிருந்து ஒரு புகைப்படக்காரரைக் கூட்டிக்கொண்டு செயலாளர் வந்தார். ஆண்டு மலரில் முன்மாதிரிக் குழு என்று போடப்போகிறார்களாம். எல்லாரும் தலைவாரிக்கொண்டு மாடியில் நின்றார்கள். அக்கா வேலை இருக்கிறது என்று வரவில்லை. படத்தில் நடுவில் செயலாளர் நிற்கிறார்.

அடுத்த விடுமுறை நாளில் அக்கா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தம்பி மகளைப் பார்க்கப் போனாள். பஸ்ஸில் வழிநெடுக, அவளை எந்தப் பஸ்ஸில் கூட்டி வருவது, குழந்தைக்கு ஜன்னலோரம் வேண்டாம், காற்று அடிக்கும் என்று திட்டம் போட்டுக்கொண்டே வந்தாள். நானும் தலையாட்டினேன்.

தம்பி மகளே கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். உள்ளே கூப்பிடவில்லை, வெளியே வந்து கதவைப் பின்னால் ஒருக்களித்தாள். புருஷன் வீட்டில் இருந்தான் போலிருக்கிறது, டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"எப்படிம்மா இருக்க?"

"இருக்கேன் அத்தை."

"பலகையை உசத்தியாச்சுடி. உன் ரூமால இப்ப யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. எல்லாம் சரியாயிடுச்சு. கிளம்பு, போலாம்."

அந்தப் பெண் அத்தையின் முகத்தையே பார்த்தாள்.

"அன்னைக்குக் கூட்டம் நடந்தப்ப நான் ஜன்னலுக்குக் கீழ உட்கார்ந்திருந்தேன் அத்தை. குழந்தை முழிச்சிடக் கூடாதேன்னு மடியில தட்டிக்கிட்டே இருந்தேன். அவங்க எல்லாம் பேசினது எனக்கு ஒண்ணும் இல்ல. அவங்க யாரு எனக்கு? அக்கா சொல்லட்டும்னு கண்டக்டர் சொன்னாரு பாரு, அப்ப நீ பேசுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

"தப்புதான்டி. நான் வாயை மூடிக்கிட்டு நின்னது தப்புதான். இப்பப் பேசறேன். எவன் முன்னாடி வேணும்னாலும் பேசறேன்."

"இப்பப் பேசலாம் அத்தை. இப்பத்தான் கரண்ட் ஒழுங்கா வருதே."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். உள்ளே குழந்தை அழுதது, கூடவே ஒரு ஆணின் அதட்டல். "போயிட்டு வாங்க" என்று சொல்லி அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "கடையை வித்ததை ஏன்க்கா சொல்லல? அதைச் சொல்லியிருந்தா வந்திருப்பாளே?"

"அடி வாங்கிட்டு இருக்கிறவளை எனக்குக் கடன்காரி வேற ஆக்கச் சொல்றியா?" என்றாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். மூடிய கதவுக்கு முதுகைக் கொடுத்து, அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"நீ பஸ்ஸுக்குப் போடா ஜெராக்ஸ். நான் இவ இல்லாம வரல."